பண்டாரி பதில்கள்

(கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். சரக்குக் கப்பல் அடுப்படியில் ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது ராயபுரத்தில் ஓய்வாக இருக்கும் ஒரு பண்டாரி இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

உலகத்தையே சுற்றி வந்தவர் நீங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த நாடு எது? – வாசகர், தண்டையார்பேட்டை

நாட்டை எங்கே ஐயா பார்த்தேன்? துறைமுகங்களைத்தான் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சரக்கை மூட்டை மூட்டையாக இறக்குவார்கள். ஒரு துறையில் வாரக்கணக்கில் நிற்போம், ஊர் சுற்றலாம். கண்டெய்னர் வந்ததும் ஒரே நாளில் வேலை முடிந்தது. 1983-இல் நம் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள், என்னைத் தவிர. நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்குப் போனேன் என்று பெயர். கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்துக்கும் நகரத்துக்கும் வெகு தூரம். டூலிப் பூவைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். "ஈபிள் கோபுரம் பார்த்திருக்கிறீர்களா தாத்தா?" என்று பேத்தி கேட்கிறாள். பாரிஸில் கடல் இல்லையே கண்ணு!

கேட்டதற்காகச் சொல்கிறேன்: சிங்கப்பூர். சிராங்கூன் சாலையில் இன்னொருவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடலாம்.

புயலில் எப்படிச் சமைப்பீர்கள்? – வாசகி, கொருக்குப்பேட்டை

கப்பல் அடுப்பில் தீ கிடையாது அம்மா, மின்சாரத் தட்டுகள்தான். பாத்திரம் நகராமலிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும். பானையில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு அன்று விடுமுறை. மேசை விரிப்பை நனைத்துப் போட்டால் தட்டுகள் வழுக்காது. இவ்வளவும் செய்த பிறகும், பிஸ்கே வளைகுடாவில் ஒரு நாள் சாம்பார் கூரையில் இருந்தது.

இட்லிக்குப் புயலைவிடக் குளிர்தான் பகை. வடகடலில் மாவு புளிக்கவே புளிக்காது. இரவு வாளியைத் துணியால் கட்டி இயந்திர அறையில் கொண்டுபோய் வைப்பேன். ஒருமுறை காலையில் இறங்கிப் பார்த்தால், மாவு துணியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, இரும்புப் படியில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. காவலில் இருந்த போலந்துக்கார இன்ஜினியர் ஏதோ ரசாயனம் கசிகிறது என்று எட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த மாவிலேயே இட்லி வார்த்தேன். கப்பல் சாய்ந்த வாக்கில் அதுவும் சாய்ந்தே வெந்தது. அவர் எட்டு சாப்பிட்டார்.

கடலில் தேதியே மாறிவிடுமாமே, உண்மையா? – மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

உண்மைதான் தம்பி. பசிபிக் நடுவே, 180 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் சர்வதேசத் தேதிக்கோடு போகிறது. ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும்போது ஒரே தேதி இரண்டு நாள் வரும். திரும்பும்போது ஒரு தேதி அப்படியே காணாமல் போய்விடும். உன் பாடப் புத்தகம் இதோடு நிறுத்திவிடும். என் தொல்லை இங்கேதான் தொடங்கியது. எங்கள் கப்பலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்பது சட்டம். போகும்போது ஞாயிறு இரண்டு முறை வந்தது. பிரியாணியும் இரண்டு முறை போட்டாக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், போட்டேன். திரும்பும் வழியில் சனிக்கிழமை இரவு படுத்துத் திங்கட்கிழமை எழுந்தோம். ரத்னகிரிக்காரர் ஒருவர் வெறும் தட்டோடு வந்து வாசலில் நின்றார். காலண்டரைக் காட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போய்விட்டார்.

சூயஸ் கால்வாயில் என்ன விசேஷம்? – வாசகர், திருவொற்றியூர்

1869-இல் திறந்த கால்வாய். நீளம் 193 கிலோமீட்டர். பனாமாவைப்போல் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் இதில் இல்லை. கப்பல்கள் வரிசை கட்டிப் போகும். ஆனால் விசேஷம் கப்பலுக்குள்தான். கயிறு கட்ட உதவும் ஆட்களைப் படகோடு மேலே ஏற்றிக்கொள்வோம். ஏறிய அரை மணிக்குள் துண்டை விரித்து, பித்தளைப் பிரமிடும் பாப்பிரஸ் ஓவியமுமாகக் கடை போட்டுவிடுவார்கள். இந்தியன் என்று தெரிந்தால் "அமிதாப் பச்சன்!" என்று கட்டிப்பிடிப்பு. அதற்குப் பிறகு விலை ஏறும். எம்.சி. ரோட்டில் பேரம் பேசிப் பழகியவன் நான்; விடுவேனா? கடைசியில் அவர் டாலர் வேண்டாம், பழைய கயிறு கொடு என்றார். அடுப்படிக்காரனிடம் ஏது கயிறு? வீட்டிலிருந்து கொண்டுபோன மாங்காய் ஊறுகாயைக் கொடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டார்; கண்ணீர் வழிந்தது; இன்னொரு பாட்டில் இருக்கிறதா என்றார்.

குடும்பத்தைப் பிரிந்து எப்படி இருந்தீர்கள்? – வாசகி, காசிமேடு

கடிதத்தால்தான். துறையில் கப்பல் கட்டியதும் ஏஜென்ட் ஆள் தபால் கட்டோடு வருவார். அவரைக் கண்டால் கேப்டன் முதல் துப்புரவு ஆள் வரை ஒரே ஓட்டம். கடிதங்கள் வரிசையாக வராது என்பதால் என் மனைவி உறையின் மூலையில் எண் போட்டு அனுப்புவாள். ஒருமுறை ஏழாம் எண் முதலில் வந்தது: "காய்ச்சல் விட்டுவிட்டது, கவலை வேண்டாம்." யாருக்குக் காய்ச்சல்? மகனுக்கா, அம்மாவுக்கா? ஐந்தும் ஆறும் வரவில்லை. அட்லாண்டிக் முழுவதும் உப்பு அளவு மறந்து சமைத்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் அப்படிக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அடுத்த துறையில் ஆறாம் எண் கிடைத்தது. காய்ச்சல் எங்கள் ஆட்டுக்குட்டிக்கு.

ஓய்வுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா? – வாசகர், எண்ணூர்

மனைவியோடு மலேசியா போனேன். போர்ட் கிள்ளானில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், பத்துமலை முருகனைப் பார்த்ததில்லை. 272 படிகள். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவள் மேலே போய்த் தரிசனம் முடித்து இறங்கி வந்து, "கப்பலில் ஏணியே கிடையாதா?" என்று கேட்டாள்.