வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்கும் வேலை: லீவில் போகலாமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் முடிக்கிறேன். ஏப்ரல், மே லீவில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வேலைக்குக் கூப்பிடுகிறது. வீடு வீடாகப் போய் நிலத்தடி நீர், பிளாஸ்டிக் பற்றிப் பேசி, ஒரு மனுவில் கையெழுத்தும் கூடவே நன்கொடையும் வாங்க வேண்டும். சம்பளம் கிடையாது, வசூலில் நூற்றுக்கு முப்பது எனக்கு. அடையாள அட்டைக்கும் தோள்பைக்கும் முன்பணம் 500 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா, "படிச்ச புள்ள பிச்சை எடுக்கப் போகுதா?" என்கிறார். போகலாமா? போனால் வாசலில் என்ன பேசுவது?

பதில்: அந்த 500 ரூபாயைக் கட்டாதீர்கள். ஆள் எடுப்பவர்தான் அட்டை, பை, ரசீதுப் புத்தகம் எல்லாம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று சொன்னாலும் வேண்டாம். முன்பணம் தர மாட்டேன் என்றதும் அவர்கள் போனை எடுக்காமல் போனால், அது என்ன மாதிரி அமைப்பு என்று அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது நூற்றுக்கு முப்பது. இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பழகிப்போனது. 1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, வீடு வீடாகக் கலைக்களஞ்சியம் விற்கும் உத்தியை நன்கொடை திரட்டுவதற்குக் கொண்டுவந்தது. அப்புறம் அது கல்லூரி மாணவர்களின் கோடை வேலையாகவே ஆகிவிட்டது. ஒரு மாலைக்கு இவ்வளவு வசூல் என்று இலக்கு இருக்கும், சில நாள் தொடர்ந்து எட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களைக் கூப்பிடும் அமைப்பிலும் இலக்கு உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கமிஷனில் என்ன கெடுதல் என்றால், அது பேசுபவரை மாற்றிவிடும். முதல் வாரம் சொந்தக்காரர், தெரிந்தவர் வீடாகப் போவீர்கள், நன்றாகவே வசூலாகும். இரண்டாம் வாரம் கேட்டைப் பார்த்து வீட்டை எடைபோடத் தொடங்குவீர்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவரின் களத்துக்கு (தோப்பு வீட்டுக்கு) போவோம், காலனிப் பக்கம் போய் என்ன கிடைக்கப்போகிறது என்று தோன்றும். மூன்றாம் வாரம் பேச்சில் காரம் கூடும். "இந்தத் தண்ணியைக் குடிச்சா கேன்சர் வரும்" என்று, யாரும் சோதித்துப் பார்க்காத கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுவீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம், இலக்கு ஒன்று போதும்.

அதனால் நாள் கூலி கேளுங்கள். 2024-25இல் கேரளத்தில் தொழிலுறப்பு (நூறு நாள்) வேலைக்கு ஒரு நாளைக்கு 346 ரூபாய் கொடுத்தார்கள். வெயிலில் நடந்து பேசும் வேலைக்கு அதைவிடக் குறைவாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பஸ் காசு தனி. கூலிக்கு மேல் சின்னதாக ஊக்கத்தொகை கொடுத்தால் வாங்கலாம், தப்பில்லை. நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஓர் அளவுகோல் சொல்வதுண்டு. வாசலில் ஒரு பாட்டி, "இதுல உனக்கு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டால், முகம் மாறாமல் சொல்ல முடிகிற தொகையாக இருக்க வேண்டும். நம் பக்கம் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். "கொடுக்கிற நூறில் முப்பது எனக்கு, பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

அப்பா சொல்வதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. 1962இல் தொடங்கிய சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற கேரளத்து மக்கள் அறிவியல் இயக்கத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்றுத்தான் இயக்கத்தை நடத்தினார்கள். நம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வராமல், 1984இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதில் அவர்கள் பங்கு பெரிது. காசு கொடுத்தவர் கையில் ஒரு புத்தகம் மிஞ்சியது, விற்றவருக்குக் கமிஷன் இல்லை. அப்பாவுக்கு அந்தக் காலம் நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அவர் கோபம் நீங்கள் வாசல் ஏறுவதில் இருக்கிறதா, கமிஷனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கமிஷனில்தான் என்றால் நானும் அவர் கட்சி.

அமைப்பைச் சோதிப்பது பெரிய வேலை இல்லை. பதிவு எண், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சான்றுகளைக் கேளுங்கள். தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று போனிலேயே பார்க்கலாம். பணம் கட்டும் கியூஆர் கோடை நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். அமைப்பின் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அன்றோடு விட்டுவிடுங்கள். 80ஜி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. களத்துக்காரர் யாராவது ஐயாயிரம் ரூபாயை நோட்டாக நீட்டினால் இதைச் சொல்லிவிடுங்கள், அப்புறம் உங்களைத் திட்டமாட்டார்.

சரி, வாசலுக்கு வருவோம்.

நீங்கள் போகப்போவது சாதாரண ஊர் இல்லை. பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது, கிணற்றுத் தண்ணீர் கெட்டது, 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் முன்னால் நிற்கப் போராட்டம் தொடங்கியது, 2004 மார்ச்சில் ஆலை மூடியது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு மசோதா நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வீடுகளுக்கு வந்த கேமராக்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், தலைவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்து வீட்டில் போய் நின்று "நிலத்தடி நீரைக் காப்பாற்றுவோம்" என்று நோட்டீஸ் நீட்டினால், "எங்களுக்கா சொல்லித் தர்றே?" என்பார்கள். நியாயம்தானே?

எனவே பேச்சைக் கேள்வியில் தொடங்குங்கள். "அக்கா, வணக்கம். நான் இன்ன ஊர், இன்ன காலேஜ்ல படிக்கிறேன். உங்க கிணத்துல இந்த வருஷம் எந்த மாசம் தண்ணி வத்துச்சு?" அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். போர்வெல் எத்தனை அடி போட்டார்கள், லாரித் தண்ணீர் வாரத்துக்கு எத்தனை தடவை, பக்கத்துத் தோப்பில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்று அவர்களே சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவை நீட்டுவதற்கு முன் அவர் சொன்னதில் ஒன்றையாவது திருப்பிச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையையும் பேச்சையும் பார்த்துத் தமிழோ மலையாளமோ பேசுங்கள். நோட்டீஸ் இரண்டிலும் இருக்கட்டும்.

கட்டாயம் வரும் கேள்விகள் சில உண்டு. "ஹரித கர்ம சேனைக்கு மாசம் அம்பது ரூபா கொடுக்கிறோமே, நீ யாரு?" என்பது முதலாவது. அது பஞ்சாயத்து ஏற்பாடு, பிளாஸ்டிக் கழிவை எடுத்துப் போக யூசர் ஃபீ, நான் அந்த ஆள் இல்லை, இது விருப்பப்பட்டால் மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் குழப்பத்தில் காசு வாங்குவது ஏமாற்றுதான். அடுத்து, "ஆழியாத்துத் தண்ணியைத் தமிழ்நாடு விடமாட்டேங்குது, அதை விட்டுட்டு என்ன மனு?" என்று ஒரு பெரியவர் பிடித்துக்கொள்வார். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் கேரளத்துக்கு வருடம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் வாதம் செய்யாதீர்கள். எல்லையில் பாதிக் குடும்பங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் சம்பந்தம் இருக்கிறது, நீங்கள் எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு வீடு போய்விடும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2017 மதிப்பீட்டில் நம் சித்தூர் வட்டாரத்தை அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதியாக வகைப்படுத்தியிருந்தது. அதைச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் நம் போர்வெல்லுக்கே திரும்பி வந்துவிடும்.

வேண்டாம் என்று சொல்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். "வீட்டுக்காரர் இல்லை" என்றால் மறுநாள் வரட்டுமா என்று ஒரு முறை கேட்கலாம், இரண்டாம் முறை கேட்காதீர்கள். ஒரு மாலையில் இருபது வீட்டுக்கு மேல் போனால் பேச்சு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

நேரம்: தொழிலுறப்புக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருப்பது நாலு மணிக்கு மேல். கள் இறக்குபவர்கள் காலையும் சாயங்காலமும் மரத்தில் இருப்பார்கள், அவர்களை மத்தியானத்துக்கு முன்தான் பிடிக்க முடியும். நம் பக்கம் ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கோடையில் திறந்தவெளி வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு கொடுக்கச் சொல்லித் தொழில் துறை உத்தரவு போடுவது வழக்கம், அதை உங்கள் அமைப்பிடம் காட்டுங்கள். தொப்பி, தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள், உள்ளே போக வேண்டாம். நாய் இருக்கும். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். ஒரு வார்டில் கால் வைப்பதற்கு முன்னால் வார்டு மெம்பருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அமைப்பு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஒரு வாட்ஸாப் வதந்தி கிளம்பினால், அந்தக் கடிதத்தின் நகல்தான் உங்களைக் காப்பாற்றும்.

கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அந்த மனு யாருக்குப் போகிறது? "அரசுக்கு" என்று மழுப்பினால் விடாதீர்கள். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனி கிராம சபை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் மனு வார்டு வாரியாகப் பிரிந்து, அடுத்த கிராம சபையில் வைக்கப்படும் என்றால் அந்தக் கையெழுத்துக்கு உயிர் இருக்கிறது. கையெழுத்து போட்டவரிடம் கூட்டத் தேதியையும் சொல்லிவிட்டு வாருங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மனு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். பெயர், வார்டு, கையெழுத்து போதும். ஆதார் எண் வாங்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். போன் நம்பர் அவராகக் கொடுத்தால் மட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ரசீதை எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு நோட்டை வாங்குங்கள், பத்து ரூபாயானாலும். அன்றன்று மாலை கூட வந்தவர் முன்னால் எண்ணி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி வசூல் பணம் உங்கள் வீட்டில் தங்கக் கூடாது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மே கடைசியில் ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, கணக்கு நேராகிவிட்டது என்ற கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் அதே மேசையில் கேட்டு வாங்குங்கள். காலேஜ் திறந்த பிறகு அலைய வைப்பார்கள்.