சுற்றிவர மீன், பிறகும் ஏன் மெலிகிறோம்?

சுற்றிவரக் கடலும் மீனும் இருக்கும்போது தீவுகளில் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஊட்டக்குறைவு எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, இரண்டு பிள்ளைகளைச் சுமந்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். எங்கள் தீவில் கண்டதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் மீன். நண்டும் இறாலும் பெரிய மீனும் கரையிலேயே ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அவை கொழும்பு வரை போகும். பிடித்தவர்களில் பலர் கொழும்பைப் பார்த்ததில்லை. வீட்டுச் சட்டிக்கு வருவது சூடையும் காரலும். அதில் எனக்குக் குறையில்லை. முள்ளோடு மென்று தின்னும் சின்ன மீன் சுண்ணாம்புச்சத்துக்கு நல்லது. தட்டில் இல்லாமல் போவது மரக்கறியும் பழமும்தான். கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீர். வீட்டுத் தோட்டம் போட்டாலும் முருங்கை தாங்கும், மற்றவை கருகும். மிச்சமெல்லாம் குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் வரவேண்டும். சோளகக் காற்று எழும்பிப் படகு நின்றால், தக்காளியைக் கடையில் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

அடுத்தது இரும்புச்சத்துக் குளிசை. கிளினிக்கில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் விழுங்கினால் வயிறு பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும். அது வழமைதான் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் பயந்துபோவாள். ஒருமுறை மாமி வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றியபோது, பழைய ஓலைக்குள்ளிருந்து நான்கு அட்டைக் குளிசை விழுந்தது. மச்சாள் செருகி வைத்தவை. அவளுடைய பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. விழுங்குபவர்களும் அநேகமாகச் சோறு தின்ற கையோடு சாயத் தேத்தண்ணீர் குடிப்பார்கள். இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அந்தச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடிக்கலாம், அல்லது குளிசையோடு தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கலாம். காசில்லாத மருந்து இது. எங்கள் மிஸ்ஸி வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்.

மிஸ்ஸி என்றால் குடும்பநல உத்தியோகத்தர். இலங்கையில் தாய்மார் நலம் அந்தப் பெண்களின் காலில்தான் நடக்கிறது. அவர் கொண்டுவந்து தருவதுதான் திரிபோஷா: சோளமும் சோயாவும் சேர்ந்த சத்துமா, 1973இல் தொடங்கிய திட்டம், 750 கிராம் பைக்கற். "பிள்ளை, இது உமக்கு மட்டும். வீட்டாருக்கு இல்லை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் தலையாட்டுவேன். பின்னேரம் மாமி அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பார். திண்ணையில் கணவரின் தம்பிமார் இருவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். எனக்கு இரண்டு உருண்டை வரும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்னச் சொல்பவர்கள் அந்தத் திண்ணையில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். 2022 நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் உற்பத்தி தடைப்பட்டபோது அந்த இரண்டு உருண்டையும் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறொன்று. அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போவதுதான் வழக்கம். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகு, அதன் பிறகு முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ். வலி வந்த பிறகு புறப்பட முடியாது என்பதால் பிரசவ நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கிளம்ப வேண்டும். எங்கே தங்குவது? உறவினர் வீட்டில். இரண்டாவது பிள்ளைக்கு நான் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இருந்தேன். நல்ல மனிசி, ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் இரண்டாம் தரம் சோறு கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயிற்றுப் பிள்ளை நிறை வைக்கும் கடைசி வாரங்களில் நான் விருந்தாளி போலக் கொறித்துக்கொண்டிருந்தேன். இரவில் பசிக்கும். குசினி விளக்கைப் போட்டால் வீட்டார் எழும்புவார்களே என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுப்பேன்.

மூத்தவன் தீவில் தகப்பனோடு. மூன்று வயது. அவர் விடியப் புறப்பட்டுக் கடலுக்குப் போய்விடுவார். பிள்ளைக்குக் காலையில் பாணும் சீனியும். நான் திரும்பிப் போன மாதம் கிளினிக்கில் அவனுக்கு நிறை பார்த்தார்கள். சுகாதாரப் பதிவேட்டில், நிறை சரி என்று காட்டும் பச்சைக்குள் ஏறிக்கொண்டிருந்த அவனுடைய கோடு, நான் இல்லாத இரண்டு மாதத்தில் தட்டையாகக் கிடந்தது. மிஸ்ஸி ஒன்றும் சொல்லாமல் பேனையால் அந்த இடத்தை ஒருமுறை தட்டினார்.

இலங்கையில் பிரசவங்கள் அநேகமாக எல்லாமே வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15 சதவீதமளவில் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட அளவுக்கு நாங்கள் இன்னும் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை.

வளரும் பெட்டைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரியபிள்ளையானதும் உளுத்தங்களி, முட்டை, நல்லெண்ணெய் என்று வீடே அமர்க்களப்படும். சடங்கு முடிய முட்டையும் முடிந்துவிடும். மாதாமாதம் இரத்தம் போவது மட்டும் நிற்பதில்லை.

கியூபாவும் தீவுதான். அங்கே 1962 முதல் வைத்தியசாலைகளுக்கு அருகே கர்ப்பிணிகள் நாள் வரும்வரை தங்கிச் சாப்பிட வீடுகள் நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் தீவுப் பெண்களுக்கு அப்படி ஒரு வீடு இருந்தால், கூடவே மூத்த பிள்ளைக்கும் ஒரு பாய் போட இடம் இருந்தால், பத்துக் கருத்தரங்கை விட அது பெரிது என்பது என் எண்ணம்.

தம்பியின் மனைவிக்கு அடுத்த மாதம் நாள். இங்கே என்னிடம்தான் வருகிறாள். மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவளும் கூச்சக்காரி. வந்த அன்றே சோற்று அகப்பையை அவள் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.