திருத்தம் வேறு, புது வசதி வேறு: வெப்சைட் வீடியோ பிளேயர் கேள்வி-பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எங்கள் கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இன்று தையல் வகுப்புக்கும் நாற்றுப் பண்ணைக்கும்கூட வெப்சைட் இருக்கிறது. அதில் வீடியோ ஓட்டும் பிளேயர் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டவை.

வீட்டிலேயே தையல் வகுப்பு எடுக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. கோவையில் ஒருவர் வெப்சைட் செய்து கொடுத்தார்; பிளேயருக்கு மட்டும் வருடம் 6,500 ரூபாய். ஐபோனில் பார்க்கிறவர்கள் வீடியோவைத் தொட்டதும் அது திரை முழுக்க விரிந்து, கீழே எழுதியிருக்கும் அளவுகள் மறைந்துவிடுகின்றன. கேட்டால், "புது வெர்ஷனில் அது சரியாயிடுச்சுங்க, 4,000 கட்டுங்க" என்கிறார். கட்டலாமா?
தையல் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

கட்டாதீர்கள், அம்மா.

உங்கள் வெப்சைட்டை ஒரு ஐபோனில் திறந்து பார்த்தேன். ரவிக்கைக்குக் கை வெட்டும் பாடம். மடித்த துணியின் மேல் சாக்கால் கோடு போடுகிறீர்கள். கை நீளமும் சுற்றளவும் கீழே அட்டவணையில் இருக்கின்றன. வீடியோவைத் தொட்ட நொடியில் அட்டவணை போய்விட்டது. அளவைப் பார்க்க வீடியோவை மூட வேண்டும், வெட்டுவதைப் பார்க்க அளவை மனப்பாடம் செய்ய வேண்டும். இப்படி யார் தைக்கப் பழகுவது?

ஐபோனில் வீடியோ பக்கத்துக்குள்ளேயே ஓடுவதற்கு, பிளேயரின் கோடில் (அதை இயக்கும் நிரலில்) 'பிளேஸின்லைன்' என்ற ஒரே ஒரு சொல் வேண்டும். 2016-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 10 வந்தபோதே ஆப்பிள் இதற்கு வழி விட்டுவிட்டது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் உங்களிடம் 4,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பல வருடமாக நான் சொல்லிக்கொண்டே இருக்கும் விஷயம் இது. திருத்தம் வேறு, புது வசதி வேறு. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், வேறு வேலை பார்க்கும்போது ஓரத்தில் சின்ன ஜன்னலாக ஓடுவது, டிவிக்கு அனுப்புவது, இவையெல்லாம் வசதி. நீங்கள் வாங்கும்போது இல்லாதவை, வேண்டுமென்றால் காசு கேட்கட்டும். ஆனால் வாங்கின வேலையையே பிளேயர் ஒழுங்காகச் செய்யவில்லை என்றால் அதைச் சரிசெய்வது விற்றவரின் கடமை. ஒழுகுகிற குடத்தை விற்றுவிட்டு, அடைக்கத் தனிக்கூலி கேட்பதை நாம் சந்தையில் ஒப்புக்கொள்வோமா?

விற்பவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து 'புதிய வெர்ஷன்' என்று நீட்டுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை வரி 'சரிசெய்யப்பட்டது' என்று முடிகிறது என்று எண்ணுங்கள். வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். 8.3.2 என்று இருந்தால், பெரும்பாலான பிளேயர்களில் கடைசி எண் மாறினால் பிழை திருத்தம், நடு எண் மாறினால் புது வசதி, முதல் எண் மாறினால் பழைய அமைப்போடு ஒத்துப்போகாத பெரிய மாற்றம். கடைசி எண் மட்டும் மாறியதற்கு ஒருவர் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்கு. அதற்காகக் கோவைக்கு அலைய வேண்டாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை தொடங்கி 2 வருடத்துக்குள் போட வேண்டும். "வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்று அவர் வாதிடுவார். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது.

எங்கள் ஜவுளிக்கடை வெப்சைட்டைத் திறந்ததும் வீடியோ சத்தத்தோடு தானாக ஓட வேண்டும். ஓட மாட்டேன் என்கிறது. வேறு பிளேயர் வாங்கலாமா?
ஜவுளிக்கடைக்காரர், சித்தூர்

வேண்டாம். 2018-லிருந்து குரோம் பிரவுசர், பார்க்கிறவர் தொடாமல் சத்தத்தோடு ஓடப் பொதுவாக விடுவதில்லை. சத்தத்தை அடைத்தால் ஓடும்.

'வாழ்நாள் லைசென்ஸ்' என்று விளம்பரம் பார்த்து 9,000 கொடுத்து பிளேயர் வாங்கினேன். தெரிந்த பையன் கோடைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது வீடியோ.ஜேஎஸ், அது இலவசம் என்கிறான். பில் வாங்கவில்லை. டெமோவும் பார்க்கவில்லை.
நாற்றுப் பண்ணைக்காரர், வேலந்தாவளம்

பையன் சொன்னது சரி. வீடியோ.ஜேஎஸ் 2010-லிருந்து இருக்கிறது, திறந்த மூல மென்பொருள், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பொருத்திக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது நியாயம். இலவசம் என்பதை மறைத்து 'லைசென்ஸ்' என்று விற்றது நியாயமில்லை. தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்றே சட்டம் சொல்கிறது.

ஆனால் தம்பி, விதை வாங்கினால் நாலு விதையை முளைக்கப் போட்டுப் பார்க்கிற ஆள் நீங்கள். 9,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு டெமோ கேட்க வாய் வரவில்லையா? பில் வேண்டாம் என்று எப்படி வந்தீர்கள்? பில் கொடுக்காததும் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதையும், விளம்பரத்தின் படத்தையும் இன்றே எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், விடாதீர்கள்.

நானும் இப்படி ஏமாந்தவன். 2018 தொடக்கத்தில், தள்ளுபடி என்று 3 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டி, அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் என்ற மென்பொருள் இருந்தால்தான் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்கினேன். 2020 முடிவோடு ஃபிளாஷ் நின்றுவிடும் என்று அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்திருந்தது. விற்றவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் வீடியோ இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டியும் நடுவில் ஒரு புதிர்த்துண்டுப் படமும்தான் தெரிந்தன. அந்தப் பணம் போனது இன்னும் ஆறவில்லை.

பாடங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போட்டோம். பிளேயரில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. பிளேயர் தமிழை ஆதரிக்கவில்லையா?
டியூஷன் சென்டர், மீனாட்சிபுரம்

பிளேயர் மேல் குற்றமில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, சேமிக்கும்போது 'யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெப்சைட் பிளேயர்கள் படிக்கும் 'வெப்விடிடி' வகை சப்டைட்டில் கோப்பு அப்படித்தான் இருக்க வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கல்யாண வீடியோக்களை வெப்சைட்டில் வைத்திருக்கிறேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஓட ஆரம்பிக்க ஒரு நிமிடம் ஆகிறது. 'ஸ்பீடு பேக்' 3,000 ரூபாய் என்கிறார்கள்.
வீடியோகிராஃபர், கொல்லங்கோடு

முதலில் இதைச் செய்து பாருங்கள். எம்பி4 கோப்புக்கு ஒரு பொருளடக்கம் உண்டு. அது கோப்பின் கடைசியில் இருந்தால், சில நேரம் மொத்தமும் இறங்கினால்தான் படமே ஆரம்பிக்கும். எடிட்டிங்கை முடித்து வெளியே எடுக்கும்போது 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்' என்ற கட்டத்தை டிக் செய்தால் பொருளடக்கம் முன்னால் வந்துவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ கருவியில் இதற்கு ஒரே கட்டளை போதும், செலவில்லை. அப்புறமும் சுற்றினால் சர்வரைப் பார்ப்போம்.

ஒரு ரூபாய் டிரையல் என்று கார்டு நம்பர் கொடுத்தேன். மறு மாதம் 4,999 எடுத்துவிட்டார்கள். ரத்து செய்யும் பொத்தானையே காணோம்.
பரதநாட்டிய ஆசிரியை, பாலக்காடு

ரத்து செய்ய வழி தெரியாமல் ஒளித்து வைப்பதற்கு 'சந்தாப் பொறி' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று வடிவங்களில் அதுவும் ஒன்று. உங்கள் மேல் தப்பில்லை. தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று மெசேஜைத் தேடுங்கள். இல்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். இன்றைக்கே செய்யுங்கள், அடுத்த மாதத் தவணை வருவதற்குள்.

தமிழ்நாட்டு பில்லில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருக்கிறார். எல்லை தாண்டியதற்கு இரட்டை வரியா?
பேக்கரிக்காரர், வாளையாறு

இல்லை. அதே மாநிலமென்றால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போடுவார்கள், மாநிலம் மாறினால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகப் போடுவார்கள். தொகை ஒன்றுதான்.