வீட்டில் என்னென்ன செடி வளர்க்கிறீர்கள்? சிறு வயதில் சாப்பிட்ட எளிய சாப்பாட்டில் எது இன்றும் மனதுக்கு ஆறுதல்? உங்கள் பிள்ளைகள் அதைச் சாப்பிடுகிறார்களா? இப்படி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

முதல் இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: சுக்குட்டிக்கீரை. மற்ற ஊர்களில் மணத்தக்காளி என்பார்கள், எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் சுக்குட்டி. அதைக் கடைந்து, ஆவி பறக்கும் சோற்றில் போட்டு, மேலே நல்லெண்ணெய் ஒரு சுற்று விட்டுப் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவள் நான். காய்ச்சல் விட்ட மறுநாளும் அதுதான், பரீட்சைக்குப் போகிற காலையிலும் அதுதான். வாய்ப்புண் வந்துவிட்டால் மூன்று வேளையும் அதுதான்.

இப்போது கோவையில் அடுக்குமாடி வீடு. பால்கனியும், மொட்டைமாடியில் எங்களுக்கென்று விட்ட ஒரு மூலையும்தான் தோட்டம். அங்கே சுக்குட்டி, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, கற்பூரவல்லி, பெரிய டிரம் ஒன்றில் முருங்கை, இன்னொன்றில் கறிவேப்பிலை. தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் இல்லை. தோட்டக்கலைத் துறை தருகிற மாடித்தோட்டப் பை வாங்கியவர்கள் எல்லோரும் அந்த மூன்றில்தான் ஆரம்பிப்பார்கள். பிள்ளைகள் ஒரு செடி காய்ப்பதைப் பார்க்க அது நல்லதுதான். ஆனால் சின்ன இடத்தில் விளையும் தக்காளி ஒரு வீட்டின் ஒரு வாரச் சமையலுக்கே காணாது. முடக்கத்தான் அப்படி இல்லை, இரண்டு கைப்பிடி இலை இருந்தால் வீட்டுக்கே தோசை ஆகிவிடும். அதனால் கடையில் கிடைக்காததையும், கடைக்கு வருவதற்குள் வாடிப்போவதையும் மட்டும் தொட்டியில் வைக்கிறேன். உழவர் சந்தையில் சுக்குட்டிக்கீரைக் கட்டு வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மதியத்துக்குள் துவண்டுவிடும். பழமும் அதில் இருக்காது.

அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுப் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், சுக்குட்டியை யாரும் நட்டதாக எனக்குத் தெரியவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் பாசன ஊர் என்பதால் மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும். பாத்திரம் கழுவுகிற கல்லில் இருந்து தண்ணீர் வாழைக்கு ஓடும். அந்த வழியெல்லாம் குருவி எச்சத்தில் விழுந்த விதை தானாக முளைத்துக் கிடக்கும். அடுப்பில் உலை கொதிக்கும்போதுதான் அம்மாயி குரல் கொடுப்பார்: "கண்ணு, சுக்குட்டி ரண்டு கை பறிச்சுட்டு வா சாமி." பறிக்கப் போனால் கறுத்த பழம் எல்லாம் என் வாய்க்குள் போய்விடும். அப்போது பாத்திரத்துக்குச் சாம்பல்தான். இன்றைக்குச் சோப்புத் தண்ணீரை அப்படியே கீரைக்கு விட வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுங்கள், அதுவே போதும்.

கடைசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மிக்ஸியில் அடித்து அதைக் கூழாக்கிவிடுகிறார்கள். மண்சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, ஒரு தக்காளியும் கீரையும் போட்டு, மூடாமல் வேகவிட வேண்டும். மூடினால் பச்சை நிறம் போய்க் கருத்துவிடும். உப்பைக் கடைசியில் போடுங்கள், கீரை வெந்து சுருங்கிய பிறகுதான் அளவு தெரியும். தண்ணீரைத் தனியாக வடித்து வைத்துக்கொண்டு, கீரையை மர மத்தால் கடைந்து, அப்புறம் அந்தத் தண்ணீரைத் தேவைக்கு ஊற்றினால் சரியான பதம் வரும். இலை முழுக்க மசியக் கூடாது, நாக்கில் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும். லேசான கசப்பு இருக்கும். அந்தக் கசப்பும் நல்லெண்ணெய் வாசனையும் சேருகிற இடம்தான் எனக்கு வீடு. கசப்பு ஒத்துவராதவர்கள் ஒரு பிடி பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவைக்கலாம், தேங்காய்ப்பாலும் விடலாம்.

வளர்ப்பதும் சுலபம். நன்றாகக் கறுத்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்குகிற விதையை நிழலில் காயவைத்து, மண்மேல் தூவி மெல்லிசாக மண் போர்த்தினால் பத்து நாளுக்குள் முளைத்துவிடும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக்கிளை விட்டுப் புதராகும். கிள்ளாமல் விட்டால் பூவுக்கும் காய்க்கும் போய் இலை சிறுத்துவிடும். கத்தரிச் செடிக்கு வருகிற அதே புள்ளி வண்டு இதற்கும் வரும், இரண்டும் ஒரே குடும்பம். இலையைச் சல்லடையாக அரித்துவிடும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக் கையாலேயே பொறுக்கிவிடுங்கள், சாப்பிடுகிற இலையில் மருந்து அடிக்க எனக்கு மனம் வராது. பச்சையாகத் தின்பதற்குப் பழுத்த பழத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பச்சைக்காயைச் செடியிலிருந்து பறித்து அப்படியே தின்ன விட வேண்டாம். மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைத்தால் வற்றலாகும், வற்றக்குழம்புக்கு அதற்கு இணை கிடையாது.

என்னுடைய இரண்டாவது ஆறுதல் சாப்பாடு அரிசிம்பருப்பு. கொங்கு வீடுகளில் விருந்தாளி திடீரென்று வந்தாலும், அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டாலும், மழை பிடித்துக்கொண்டாலும் இதுதான். ஒரு டம்ளர் பொன்னி அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொஞ்சம் மிளகு, வரமிளகாய், ஒரு தக்காளி, மஞ்சள்தூள். தாளித்து, மூன்று டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் விட்டு, குக்கரில் குழைய வைத்தால் ஆயிற்று. மேலே நெய், பக்கத்தில் அப்பளம் அல்லது தயிர். இதில் கறிவேப்பிலை ஓரத்தில் ஒதுக்குகிற இலை கிடையாது, அதுதான் வாசனையே. அப்போதே பறித்த இலை எண்ணெயில் வெடிக்கிற வாசனை, ஃப்ரிட்ஜில் இருந்த இலையில் வராது. காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கிற கறிவேப்பிலைக்குப் போய் ஒரு டிரம்மை ஒதுக்கியதற்குக் காரணம் அதுதான்.

கறிவேப்பிலை முதலில் மெதுவாகத்தான் வரும், பொறுமை வேண்டும். விதை போடுவதானால் பழம் பழுத்தவுடனே போடுங்கள், காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். பெரிய மரம் இருக்கிற வீட்டில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. அம்மா புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார், நானும் அதையே செய்கிறேன். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்பதால் எலுமிச்சைக்கு வருகிற பட்டாம்பூச்சி இதிலும் முட்டை இடும். புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தெரியும், பெரிதானால் இலைப் பச்சைக்கு மாறிவிடும். நான் அவற்றுக்கென்று ஒரு கிளையை விட்டுவிடுவேன். பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போகும் முன்பு பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

முருங்கைக்கு ஒரு பழமொழி உண்டு, முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று. முதல் பாதி முழுக்க உண்மை: இடுப்பு உயரம் வந்ததும் நுனியை ஒடித்தால்தான் கிளை பிரியும், கீரை கைக்கு எட்டும். இரண்டாம் பாதியை நான் ஏற்கவில்லை. இந்தக் கீரையும் வெங்காயமும் போட்ட ராகி அடைதான் எங்கள் வீட்டு மாலைப் பலகாரம்.

மீதிச் செடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரண்டை ஒரு கணு இருந்தால் போதும், மண்ணில் செருகினால் வந்துவிடும். நறுக்கும்போது கை அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இளசான கணுவை நார் உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறுகிற வரை வதக்கி, உளுந்து, வரமிளகாய், தேங்காய், புளியோடு அரைத்தால் துவையல். புளியைக் குறைக்காதீர்கள், நாக்கு அரிக்கும். முடக்கத்தான் பால்கனிக் கம்பியில் தானே ஏறும். இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்தால் பச்சைத் தோசை, முழங்கால் வலி என்று சொல்கிற என் அம்மாவுக்காக அடிக்கடி சுடுவேன். காய் உடைந்தால் கறுப்பு விதை மேல் வெள்ளையாக இதய வடிவம் இருக்கும், எடுத்து வைத்து அடுத்த மழைக்குப் போடலாம். தூதுவளை ரசம் சளிக்கு. இலையிலும் முள் இருக்கும் என்பதால் நரம்போரம் கத்தரியால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்க வேண்டும். கற்பூரவல்லி பஜ்ஜிக்கு, மழை நாளில்.

பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மட்டும் என் தொட்டியில் இல்லை. அவை மழை பெய்த மேட்டுக்காட்டில், அதாவது மானாவாரி நிலத்தில், தானாக வருகிற கீரைகள். களைக்கொல்லி அடிக்காத காடு யாரிடமாவது இருந்தால், ஊருக்குப் போகும்போது கேட்டுப் பறித்து வருவேன். அந்தக் கடைசலின் ருசியை என் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறேன்.

பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியவளுக்குச் சுக்குட்டிக் கடைசல் பிடிக்கும், சோற்றில் நெய் விட்டுக் கேட்பாள். சின்னவனுக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவன் பழத்தை மட்டும் பறித்துத் தின்கிறான், அரிசிம்பருப்பு என்றால் இரண்டாம் தடவை கேட்கிறான். நான் கட்டாயப்படுத்துவதில்லை. கீரை பறிக்கிற வேலையை மட்டும் அவனிடமே கொடுத்திருக்கிறேன்.