பாட்டை விட்டு முகத்தைத் துரத்தும் கமரா

கேள்வி: கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாகத் திருவையாற்றில் நடைபெறும் ஆராதனை விழாவை ஆண்டுதோறும் டிஷ் வழியாகப் பார்த்து வருகிறேன். அவர் இயற்றிய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்படும்போது இடையிடையே வர்ணனை, விளம்பரம், பிரமுகர்களின் முகங்கள் என்று வந்து எரிச்சலூட்டுகின்றன. "ஓசியில பாக்கிறத்துக்குக் குறை வேறயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறேனா?
(வாசகி ஒருவர், களுவாஞ்சிகுடி)

பதில்: இல்லை. மாதாமாதம் டிஷ்ஷுக்குப் பணம் கட்டுவதோடு, விளம்பரங்களையும் பொறுமையாகப் பார்த்துத் தொலைக்கிறீர்கள். இதில் ஓசி எங்கே இருக்கிறது? ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி பெரும்பாலும் ஜனவரியில் வருவதால், நம் பக்கத்து மாரி மழையில் படம் உறைந்து நின்றால் வானத்தின் குற்றம் என்று விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் சொல்வது மனிதர் செய்யும் குற்றம்.

ஐந்து கீர்த்தனைகளையும் பாடி முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து இராகங்களில், எல்லாம் ஆதி தாளத்தில் அமைந்த இவற்றில், ஒவ்வொரு சரணமும், அதாவது பாட்டின் ஒவ்வொரு பகுதியும், முதலில் ச, ரி, க, ம என்று ஸ்வரமாகப் பாடப்பட்டு, அதே மெட்டில் உடனே சாகித்தியமாக, அதாவது சொற்களோடு, திரும்பி வருகிறது. ஸ்வரம் முடிந்து சொல் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் வர்ணனையாளருக்கு ஆற்றங்கரையின் அழகு நினைவுக்கு வருகிறது. அவர் பேசி முடிக்கும்போது சரணம் போய்விடுகிறது. கமராவோ எதிரெதிராக அமர்ந்து பாடும் கலைஞர்களை விட்டு, முன்வரிசையில் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிரமுகரிடம் போய் நிற்கிறது. வயலின்காரரின் வில்லையும் மிருதங்கக்காரரின் விரலையும் பார்க்க விரும்புபவர் வீட்டில் இருக்கிறார் என்பது படம் பிடிப்பவருக்குத் தெரியாது போலும்.

வராளியில் விளம்பரம் புகுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இராகத்தைக் குரு நேரே உட்கார்த்திக் கற்பிக்கலாகாது என்றொரு நம்பிக்கை கர்நாடக இசை உலகில் இருந்து வருவதால், பலர் அதைக் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள். மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் பெயரைத் தாங்கிய நிறுவகத்தில் சங்கீதம் பயிலும் ஒரு பிள்ளைக்கு, முன்னணி வித்துவான்கள் ஒருங்கே அமர்ந்து பாடுவதைக் கேட்க இந்த ஒளிபரப்பு ஒரு வகுப்பு. வகுப்பின் நடுவே சவர்க்காரம் விற்கிறார்கள்.

பேசியே ஆகவேண்டுமென்றால், பாட்டுத் தொடங்குமுன் கூட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரம் போதாதா? 1847இல் மறைந்த தியாகராஜருக்கு அங்கே சமாதிக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தம் சொந்தச் சம்பாத்தியத்தைச் செலவிட்டு அதைக் கட்டிய அவர், பெண்கள் பாட இடம் மறுக்கப்பட்ட அதே சந்நிதியில் பெண்களைப் பாடவைக்கவும் போராடினார். இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவதைக் காட்டும் ஒளிபரப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். பிறகு வாயை மூடிக்கொள்ளலாம். இராகம், தாளம், பக்கவாத்தியம் இவற்றை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நாகரிகம் வானொலிக்காரர்களிடம் இருந்தது; படம் வந்ததும் அது எப்படிப் போயிற்றோ தெரியவில்லை.

இன்னொன்று. முதற் கீர்த்தனை சமஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. திரையின் அடியில் ஓடும் வாழ்த்துச் செய்திகளை நிறுத்திவிட்டு, பாடப்படும் வரியைத் தமிழ் எழுத்தில் பொருளோடு ஓடவிட்டால், மட்டக்களப்பில் இருப்பவர் மட்டுமல்ல, மண்டபத்தில் இருப்பவர்களிலும் பாதிப்பேர் நன்றி சொல்வார்கள். இதற்குப் பெரிய செலவும் இல்லை. கீர்த்தனைகள் ஆண்டுக்காண்டு மாறுவதுமில்லை.

எனவே குறை சொல்லுங்கள். ஆனால் எனக்கு எழுதுவதோடு நின்றுவிடாமல் அந்த அலைவரிசைக்கே எழுதுங்கள். "ஒளிபரப்புச் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. எந்தக் கீர்த்தனையின் எத்தனையாவது சரணத்தில், எந்தப் பொருளின் விளம்பரம் புகுந்தது என்று குறித்தெழுதி, விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.