ரயிலே இல்லாத ரயில் கம்பெனி

கேள்வி: சார், ஜப்பான்ல கோபே நகரத்துல ஒரு ரயில் கம்பெனி இருக்காம், சொந்தமா ஒரு ரயில் கூட கிடையாதாம். நெஜமாவா?

பதில்: நெஜம்தாங்க. கோபே கோசோகுன்னு பேரு. 1968க்கு முன்னாடி அந்த ஊர் நிலைமையை நெனச்சுப் பாருங்க, ஒசாகால இருந்து வர்ற ஹன்க்யு ரயில் சன்னோமியால நின்னுடும், ஹன்ஷின் மோத்தோமாச்சில நின்னுடும், மேக்க இருந்து வர்ற சான்யோ ரயில் ஹ்யோகோ வரைக்கும்தான், வடக்க மலைப்பக்கம் இருந்து வர்றது மினாத்தோகாவாவோட சரி. நாலு கம்பெனி, நாலு முனை, நடுவுல ஊரோட மையம். மூட்டை முடிச்சோட இறங்கி மாறுறவங்க பாடு என்னவா இருந்திருக்கும்!

இதை இணைக்கத்தான் 1958ல மாநகராட்சியும் அந்த நாலு கம்பெனியும் சேர்ந்து பணம் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 1968 ஏப்ரல் 7ல சுரங்கப்பாதை திறந்தாச்சு, கிழக்கு மேற்கா ஏழு கிலோமீட்டர் சொச்சம்தான். தண்டவாளமும் ஸ்டேஷனும் இவங்களோடது, ஓடுற வண்டியெல்லாம் மத்தவங்களோடது. எனக்கு இதுல பிடிச்சதே அதுக்கு முன்னாடி நடந்த வேலைதான், சான்யோ லைன்ல 1500 வோல்ட், ஹன்க்யு ஹன்ஷின் ரெண்டுலயும் 600 வோல்ட், ஒரே சுரங்கத்துல ஓடணும்னா கரண்ட் ஒண்ணா இருக்கணுமே, அதனால அந்த ரெண்டு கம்பெனியும் 1967ல தங்களோட கோபே லைனை 1500க்கு மாத்துனாங்க. போட்டி கம்பெனிங்க இவ்ளோ தூரம் இறங்கி வர்றது சாதாரண விஷயம் இல்லைங்க.

கேள்வி: அப்போ நாலு ரயிலும் ஒரே தண்டவாளத்துலதான் ஓடுதா?

பதில்: இல்ல, மூணுதான். மலை ரயில் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற இடைவெளி, 1067 மில்லிமீட்டர், மத்ததெல்லாம் 1435. அதனால அதுக்குன்னு தனியா வெறும் 400 மீட்டர் சுரங்கம் போட்டு ஷின்கைச்சி ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டாங்க, அங்க இறங்கி மாறிக்கணும். டிக்கெட்தான் எனக்கு ஒத்துக்காத விஷயம். வண்டியில இருந்து இறங்கவே வேணாம், ஆனாலும் ஒவ்வொரு கம்பெனி பாதைக்கும் தனித்தனி கட்டணம் கூட்டிக்கிட்டே போகும்.

கேள்வி: பூகம்பத்துல இடிஞ்சு விழுந்த ஸ்டேஷன் இந்த லைன்லதானே?

பதில்: ஆமாங்க, தாய்க்காய் ஸ்டேஷன். 1995 ஜனவரி 17, காலைல 5:46. நடுவுல வரிசையா நின்ன கான்கிரீட் தூண்கள் நசுங்கிப்போய் கூரை உள்ள இறங்க, மேல இருந்த ரோடும் ரெண்டரை மீட்டர் வரைக்கும் அப்படியே பள்ளமா உட்கார்ந்துடுச்சு. அதுவரைக்கும் மண்ணுக்குள்ள இருக்குற கட்டடம் மண்ணோட சேர்ந்தே ஆடும், ஒண்ணும் ஆகாதுன்னுதான் பரவலா நம்பிக்கிட்டு இருந்தாங்க. பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குற அளவுக்கு அந்தத் தூண்களுக்குப் பலம் இல்ல. அந்த ஆகஸ்ட்லயே லைன் முழுசா ஓட ஆரம்பிச்சிருச்சு, ஆனா தாய்க்காய்ல வண்டி நிக்காமலே போகும். சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1996 ஜனவரி 17ல, அந்த ஸ்டேஷனைத் திரும்பத் திறந்தாங்க. அந்தத் தேதியைப் படிச்சப்போ மனசு கனத்துப் போச்சுங்க.

கேள்வி: ஒசாகால இருந்து ஹிமேஜி கோட்டை பார்க்க இந்த வழியா மாறாம போலாமா?

பதில்: தாராளமா போலாம். ஒசாகால உமேதா ஸ்டேஷன்ல ஹன்ஷின் வண்டில ஏறுங்க, ஹிமேஜி வரைக்கும் நேரா போற எக்ஸ்பிரஸ் 1998ல இருந்து ஓடுது. ஜே.ஆர்.ங்கிற இன்னொரு பெரிய ரயில் கம்பெனியோட ரயில் இதைவிட சீக்கிரம் போயிடும், ஆனா இதுல சுமா பக்கம் கடலை ஒட்டியே வண்டி போகும், அதுக்காகவே போகலாம். அரக்கு கலர் ஹன்க்யு வண்டில மட்டும் ஏறிடாதீங்க, அது ஷின்கைச்சியோட நின்னுடும்.