மலைச்சாலையோரம் வீடு: நீலகிரியில் குடியேற நினைப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

நீலகிரியில் வீடோ நிலமோ தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான். சமவெளிக்கு அது பொருத்தமான கேள்வி. மலையிலோ, அந்த ரோடு ஒரு வாரம் அடைபட்டால் வேறு எந்த வழியாக இறங்க முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கீழுள்ள பதில்களில் பலவும் அந்த அளவுகோலை வைத்தே எழுதப்பட்டவை.

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். மருத்துவப் பரிசோதனைக்காக அடிக்கடி கோவைக்குச் செல்ல வேண்டியுள்ளது. குன்னூரில் குடியேறுவது நல்லதா, கோத்தகிரியிலா?

பதில்: மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இரண்டு முக்கியச் சாலைகளில் ஆளுக்கொன்றாக இவ்விரு ஊர்களும் அமைந்துள்ளன. கல்லாறு, பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறும் பாதை, கோவையிலிருந்து உதகை, கூடலூர் வழியாகக் குண்டல்பேட்டை வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 181-இன் பகுதி. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரிக்கு ஏறும் சாலையில் வளைவுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை என்பதால், வயதானவர்களுக்குத் தலைசுற்றல் குறைவு. கோடை சீசனில் மலையேறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்; அந்த நாட்களில் குன்னூர்வாசி கோவை செல்லச் சுற்றுவழியில் இறங்க நேரிடும், கோத்தகிரிவாசி சுற்றுவழியில் வீடு திரும்ப நேரிடும்.

இரண்டு ஊர்களும் கிழக்குச் சரிவில் இருப்பதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் தாக்குதலை நேரடியாக எதிர்கொள்கின்றன. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குன்னூர்ச் சாலை போக்குவரத்துக்குப் பயன்படாமல் போனது. சாலை அடைபட்டாலும் மலை ரயில் இருக்கிறதே என்று சிலர் சொல்வதுண்டு. ரயில் பாதையும் ஏறக்குறைய அதே சரிவில்தான் ஏறுகிறது. சாலையை மூடும் மழை தண்டவாளத்தையும் விட்டுவைப்பதில்லை. அத்தகைய நேரங்களில் போக்குவரத்தைக் கோத்தகிரி வழியாகத்தான் திருப்புகிறார்கள்.

எனவே, கோவைப் பயணமே முதன்மையானது என்றால் கோத்தகிரியைத்தான் சொல்வேன். உள்ளூர் மருத்துவ வசதி முக்கியம் என்றால் குன்னூர் மேல். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலையோரத்தில் நல்ல வீடு அமைந்தால், இரண்டு இறங்குவழிகளும் கைக்கு எட்டும். ஆனால் இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருக்குமானால், மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ வீடு வைத்துக்கொண்டு, கோடையில் மட்டும் மலைக்கு வருவதே விவேகம். வீட்டுத் தரகர்கள் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: உதகை–குன்னூர் சாலையில் எல்லநள்ளிக்கு அருகே, நெடுஞ்சாலையை ஒட்டியே ஒரு வீடு விலைக்கு வந்துள்ளது. பேருந்து நிறுத்தம் வாசலிலேயே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழித்தடம் இது. கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று ஊர்கள் தொடர்ச்சியாக இருப்பதால் பள்ளி, கடை, பேருந்து எதற்கும் குறைவில்லை. மேலே உதகைக்கும் கீழே குன்னூருக்கும் சம தூரத்தில் இருக்கலாம். வழித்தடம் நல்லது என்பதால் அதிலுள்ள எல்லா வீடும் நல்லதாகிவிடாது.

அந்த வீடு சாலைக்கு மேல்புறமா, கீழ்ப்புறமா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முடிவே அதில்தான் இருக்கிறது. மலைச்சாலை போடும்போது ஒரு பக்கம் சரிவை வெட்டி எடுத்து, மறுபக்கத்தை நிரவுகிறார்கள். மேல்புறத்து வீட்டின் அஸ்திவாரத்துக்குக் கீழே செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவர் நிற்கும். சாலையை அகலப்படுத்தும்போது அந்தச் சுவர் இன்னும் உள்வாங்கும். கீழ்ப்புறத்து வீடு நிரவிய மண்ணின்மேல் நிற்கக்கூடும். சாலையில் ஓடிவரும் மழைநீர் முழுவதையும் ஏதோ ஒரு சிறுபாலம் அதன் பக்கமாகத்தான் வெளியேற்றும். அந்த நீர் எங்கே போய் விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வெயில் காயும் ஏப்ரலில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். நவம்பரில் மழை பெய்துகொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள். தடுப்புச்சுவரின் நீர்த்துளைகளில் தண்ணீர் வடிந்தால் சுவர் வேலை செய்கிறது என்று பொருள். துளைகள் உலர்ந்திருந்து சுவர் வயிறு தள்ளியிருந்தால், தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். சரிவிலுள்ள மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது, தரையில் பிறை வடிவில் விரிசல் ஓடுவது ஆகிய இரண்டும் மண் நகர்வதன் அறிகுறிகள்.

மாவட்ட நிர்வாகம் பேரிடர் அபாயமுள்ள பகுதிகளாக 283 இடங்களை அடையாளம் கண்டுள்ளது. உங்கள் இடம் அவற்றில் வருகிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மண் அள்ளும் இயந்திரத்தைப் பயன்படுத்தவும், ஆழ்துளைக் கிணறு தோண்டவும் இங்கே ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஆகவே புதிதாகச் சமன்படுத்திய மனை என்றால் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். கட்டட உயரத்துக்கும் 7 மீட்டர் என்ற வரம்பு உண்டு. மாடி மேல் மாடி என்று பிற்காலத் திட்டம் வைத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், சாலையிலிருந்து ஒரு பர்லாங்காவது (சுமார் 200 மீட்டர்) விலகிய வீட்டையே நான் தேர்ந்தெடுப்பேன். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் லாரிகள் இரவில் கியரைக் குறைத்து இறங்கும் ஓசை, பழகிக்கொள்ளக்கூடிய ஓசை அன்று.

கேள்வி: வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறேன். கூடலூரில் நிலம் மலிவாகக் கிடைக்கிறது. மைசூரு, கோழிக்கோடு, உதகை மூன்றுக்கும் அது சந்திப்பு என்பதால் எதிர்காலம் உண்டு என்கிறார்கள்.

பதில்: சந்திப்பு என்பது உண்மை. மலிவாக இருப்பதன் காரணத்தையும் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் சுமார் 80 ஆயிரம் ஏக்கர் நிலம் முன்பு நிலம்பூர்க் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்தது. 1969-ஆம் ஆண்டின் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அது அரசின் வசம் வந்தபோதும், தோட்டக் குத்தகைகள் பற்றிய பிரிவு 17-இன்கீழ் வரும் நிலங்களின் உரிமை தீர்க்கப்படாமலே நீண்டுகொண்டிருக்கிறது. அந்த நிலங்களில் தலைமுறைகளாகக் குடியிருப்போரே பட்டாவும் மின் இணைப்பும் இல்லாமல் போராடுகிறார்கள். வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பி அங்கே பணம் போடுவது சட்டப்படி எதையுமே வாங்காததற்குச் சமம். இது தவிர, தனியார் காடாக அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்பதற்கு 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி தேவை. பட்டா, வில்லங்கச் சான்று, அ-பதிவேடு (நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றையும் கூடலூரிலேயே தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். கோவை வழக்கறிஞர்களுக்கு இந்தச் சிக்கலின் ஆழம் தெரிவது அரிது.

மைசூருச் சாலை பந்திப்பூர்க் காட்டின் ஊடே செல்வதால், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். 2009 முதல் இதுதான் நடைமுறை. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் நாள்கணக்கில் மழை விடாது, மின்தடையும் சேர்ந்துவரும். கணினி வேலைக்காரர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கேள்வி: மசினகுடியில் சிறிய வீடு கட்டி, ஓர் அறையை விடுதியாக விடலாமா?

பதில்: வேண்டாம். மசினகுடிப் பகுதியைத் தொடும் சீகூர் யானை வழித்தடம் குறித்த அரசின் அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்துவிட்டது; வழித்தடத்துக்குள் விடுதிக்கு இடமில்லை. உதகையிலிருந்து அங்கே இறங்கும் கல்லட்டிச் சாலையும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்துப் பாதை. வெளியூர் வண்டிகள் அதில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: உதகை நகருக்குள் விலை கட்டுப்படியாகவில்லை. கூடலூர்ச் சாலையில் தலைக்குந்தா பக்கம் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், டிசம்பர், ஜனவரி அதிகாலைக் குளிரைத் தாங்குவீர்கள் என்றால். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெண்மையாக உறையும்போது, சற்று மேலேயுள்ள வீடுகளில் உறைபனி இருப்பதில்லை. பள்ளத்தின் அடியை விட்டுக் காலை வெயில் படும் கிழக்குச் சரிவில் தேடுங்கள். குழாய்களில் தண்ணீர் உறையும் தொல்லையும் குறையும்.

கேள்வி: குடியேறிய பிறகும் ஒவ்வொரு முறையும் இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையில் (மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதி), உள்ளூர்வாசிகளுக்கு விலக்கு உண்டு. வண்டி நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43-இல் இருந்தால் சோதனைச்சாவடியில் கேள்வி எழாது. வேறு மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டியானால், நீலகிரி முகவரிச் சான்றைக் காட்டி உள்ளூர்வாசிக்குரிய பாஸைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீடு மாறிய கையோடு ஆதாரில் முகவரியைத் திருத்திவிட்டால் இந்த வேலை எளிதாகும்.